ஹில்க்காவின் கறுப்புக் கட்டை

ஹில்க்கா ஓட்டுவது நூலக பஸ். வடக்கே பனிநாட்டில், கைனூ வட்டாரத்துக் காடுகளில், ஏரிக்கு ஒன்றாக எட்ட எட்டக் கிடக்கும் வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை புத்தகம் கொண்டுபோவாள். குள்ளமான உருவம், ஓட்டுநர் இருக்கையில் தலையணை போட்டுத்தான் உட்காருவாள். நாற்பத்தேழு வயதில் எங்கள் வேட்டைச் சங்கத்தில் சேர்ந்தாள். இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். நான் ஆர்வி, சங்கத்துச் சமையல்காரன். இடுப்பெலும்பு முறிந்த பிறகு காட்டுக்குள் நடப்பதில்லை. குடிலில் இறைச்சி சூப் கிண்டுவதோடு சரி. அடுப்பைத் தேடி எல்லாரும் வருவதால், எல்லார் கதையும் என் காதுக்கு வந்துவிடும்.

அவள் வாங்கியது பழைய துப்பாக்கி. குழலைத் தாங்கித் தோளில் முட்டுக்கொடுக்கும் அதன் கட்டை வால்நட் மரம். தேன் நிறம், புகை சுழல்வது போன்ற ரேகை. அந்த அழகில் மயங்கித்தான் வாங்கினாள். ஆனால் அது ஆறடி ஆளுக்காகச் செய்த கட்டை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அவள் தோளில் நீலம் பாரித்துவிடும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் அக்டோபரில் எட்டு நாள் விடாத மழை. எட்டாம் நாள், அவள் காவலிருந்த இடத்துக்கு ஒரு மூஸ் மான் வந்தது. குதிரையை விடப் பெரிய ஆண். வயிற்றை ஒரு பிர்ச் மரம் மறைத்தது. தோள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டாள். குண்டு ஒரு கையகலம் இடப்பக்கம் விலகி மரத்தில் பாய்ந்தது. மான் போய்விட்டது.

எங்கள் வேட்டைத் தலைவன் உர்ப்போவுக்கு அன்று கொண்டாட்டம். "ஏம்மா ஹில்க்கா, பிர்ச் மரத்துக்கெல்லாமா லைசென்ஸ் வாங்கிருக்க? எத்தனை கிலோ தேறும்?"

"உனக்கு ஈரல் பாகம் தர்றேன் தலைவரே," என்று அவளும் சிரித்தாள். ஆனால் எல்லாரும் போன பிறகு அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள்.

"ஆர்வி, அந்த மரம் மட்டும் இல்லன்னா குண்டு வயித்துல பட்டிருக்கும். பாவம், நாள் முழுக்க ஓடி ஓடிச் செத்திருக்கும்."

"மழைல கை வழுக்கியிருக்கும், விடு."

"கை வழுக்கல. எனக்குத் தெரியும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் குண்டு விலகிய காரணத்தைத் தேடியே அலைந்தாள். புத்தகத்தில் அடையாளம் வைக்கும் தாளை எடுத்து, துப்பாக்கிக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தபோது தாள் வழுக்கிக்கொண்டு போனது. கட்டையை ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வைத்துப் பார்த்தாள். இப்போது தாள் பாதி வழியில் சிக்கி நின்றது. மரம் தண்ணீர் குடித்துப் புடைத்துக் குழலைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வெய்யோவிடம் போனாள். அவன் இரண்டு வழி சொன்னான்.

"மரத்த உள்ளுக்குள்ள இன்னும் கொஞ்சம் செதுக்கி, ஈரம் ஏறாம பூச்சு பூசித் தரேன். அழகு அப்படியே இருக்கும். ஆனா உன் அளவுக்கு வெட்டணும், அந்த ரேகைல பாதி போயிடும். இல்லன்னா பிளாஸ்டிக் கட்டை. மழையாவது பனியாவது, அது பாட்டுக்கு இருக்கும். நீளத்த வேணுங்கிறபடி குறைச்சுக்கலாம். லேசா இருக்கறதால கொஞ்சம் உதைக்கும். குளிர்ல கன்னம் வச்சா ஐஸ்தான். மரக்கிளைல பட்டா காலி வாளி மாதிரி சத்தம் போடும்."

"பாக்க எப்படியிருக்கும்?"

"துடுப்பு மாதிரி."

ஒரு வாரம் யோசித்தாள். வால்நட் கட்டையை வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் துடுப்பையே வாங்கினாள்.

ஆகஸ்டில் சுடுதேர்வு. மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் மூன்று வருஷத்துக்கொரு முறை தேற வேண்டிய தேர்வு இது: எழுபத்தைந்து மீட்டர், நாலு குண்டு, ஒன்றரை நிமிடம், நாலும் வட்டத்துக்குள் விழ வேண்டும். முந்தின நாளிலிருந்தே நல்ல மழை. ஹில்க்கா கறுப்புக் கட்டையோடு வந்து இறங்கியதும் உர்ப்போ ஆரம்பித்தான்.

"படகு எங்கம்மா? துடுப்ப மட்டும் எடுத்துட்டு வந்துட்ட!"

நாலு குண்டும் வட்டத்துக்குள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டாள்.

அடுத்தது உர்ப்போ. அவனுடையது சுருள் ரேகை பிர்ச் கட்டை, அவனே இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செதுக்கியது. முப்பது வருஷமாக எந்தத் தேர்விலும் தவறியதில்லை. அன்று இரண்டு குண்டு உள்ளே, இரண்டு வெளியே. இரண்டுமே இடப்பக்கம்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படியிருந்தது. ஹில்க்கா எழுந்துபோய் ஒரு தாளை நீட்டினாள்.

"குழலுக்கு அடில விட்டுப் பாரு."

தாள் நாலு விரல் தூரம்கூடப் போகவில்லை. உர்ப்போ அதை உருவி மறுபடியும் நுழைத்துப் பார்த்தான்.

"எத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மழை நாள்ல நீ தேர்வுக்கு வந்ததே இல்ல. உன் அதிர்ஷ்டம். இந்தா, என்னோடத எடுத்துக்கோ. இன்னொரு தடவை சுட அனுமதி உண்டுல்ல?"

அந்த ஆறடி நாலங்குல மனிதன் குட்டைக் கட்டைக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்தபோது, பொம்மை சைக்கிள் ஓட்டும் கரடி போலிருந்தது. அவன் கண் துப்பாக்கி மேலிருந்த தூரநோக்கியை ஒட்டி இருந்தது. "கொஞ்சம் பின்னால போ!" என்று ஹில்க்கா கத்துவதற்குள் சுட்டுவிட்டான். உதைத்த உதையில் தூரநோக்கி விளிம்பு புருவத்தில் இடித்து ரத்தம் வழிந்தது. ஆள் நிறுத்தவில்லை. ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து மீதி மூன்றையும் சுட்டான். நாலும் உள்ளே.

"துடுப்பு கடிக்குதே!" என்றான், கைக்குட்டையால் நெற்றியை அழுத்திக்கொண்டு. அப்போதுதான் எல்லாரும் சிரித்தோம். புருவத்தில் பிறை வடிவில் தழும்பு நின்றுவிட்டது.

உர்ப்போ பிளாஸ்டிக்குக்கு மாறவில்லை. அடுத்த வாரமே வெய்யோவிடம் போய் பிர்ச் கட்டையை உள்ளே செதுக்கிப் பூச்சு பூசி வாங்கிவந்தான். "என் கை வேலை, அத எப்படி விடறது?" என்றான். ஹில்க்கா அதில் குறை காணவில்லை. அவளுடைய வால்நட் கட்டை வீட்டில் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவ்வப்போது இறக்கி எண்ணெய் தடவுவாள்.

நவம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. ஹில்க்கா ஒரு கிழிந்த கம்பளிக் காலணியிலிருந்து துண்டு வெட்டி, கட்டையில் கன்னம் படும் இடத்தில் ஒட்டியிருந்தாள். சதுப்பின் ஓரத்தில் நாலு மணி நேரம் அசையாமல் இருந்தபின் ஒரு இளம் ஆண் மூஸ் வந்தது. ஒரே குண்டு. இருபதடி கூடப் போகாமல் விழுந்தது.

அன்று குடிலுக்குள் வந்தவள் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள்.

"வலியில்லாம போச்சு ஆர்வி," என்றாள். "அது போதும்."

பிறகு சவுனா நீராவிக் குளியலுக்குக் கிளம்பினாள். போகிற வழியில் உர்ப்போ நகர்ந்து இடம்விட்டு, அடுத்த சனிக்கிழமை ஏரிக்கரைக் காவலிடத்தை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்றான். எங்கள் காட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது.