கழுத்துக் கட்டியும் இரண்டு வேண்டுதல்களும்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கவனித்தது, கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அக்காதான். இருவரும் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியில் ஏறுவோம். கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், ஒரே மேசையில் பழுதான பாகங்களைப் பார்த்துத் தனியே பிரிக்கும் வேலை. அக்கா கிறிஸ்தவர். கணவரை இழந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் ஊசி விட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரத்தில் என் மாமியார் திருவள்ளூர் போய்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார். வெல்லம் கரைவதுபோல் கட்டியும் கரையும் என்று நம்பினார். அக்கா தன் சபையில் எனக்காக ஜெபிக்கச் சொன்னார். இரண்டுக்கும் தலையாட்டினேன். அப்போது யார் எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. "இந்த மாதிரி கட்டி நெறைய பேருக்கு இருக்கும்மா. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டர். வாசலில் வந்து உட்கார்ந்து அழுதேன். கணவர் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

அதன்பிறகு கேண்டீனில் நான் ஆதாரமாகிப்போனேன். கடவுள் உண்டா, எந்தக் கடவுள் என்று பேச்சு வந்தால் என் கழுத்தைக் காட்டினார்கள். "கேன்சர்னு எழுதியே குடுத்துட்டாங்க. வெல்லம் கரைச்சதும் காணாம போச்சு" என்று ஒரு பக்கம். "ஜெபத்துலதான் போச்சு, இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று மறுபக்கம். புற்று என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கட்டியும் போகவில்லை, அப்படியேதான் இருந்தது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து, ஜெபத்தால் நலமானேன் என்று எல்லோர் முன்னும் சாட்சி சொல்லும்படி சபையார் அக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள். மறுத்தால் அவர் மனம் நோகுமே என்று இரண்டு நாள் தவித்தேன். பிறகு பஸ்ஸில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காத. எதனால நல்லாச்சின்னு எனக்குத் தெரில. தெரியாதத்த எப்டி போய் சொல்றது?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் அதே சபைலதான் ஜெபம் பண்ணாங்க. அவரு போய்ட்டாரு. என்னிய யாரும் சாட்சி சொல்லக் கூப்புடல."

"அப்புறம் ஏன்க்கா எனக்குப் பண்ணச் சொன்ன?"

"உன்ன நெனைச்சி பயந்துக்கினே இருந்தேன். அத்த எங்கனா போய் சொல்லணுமில்ல. நீ வர வேணாம், நான் சொல்லிக்கிறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனி வாசல் வரை விடவில்லை.

அன்று மதியம் மறுபடி என் கழுத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். "கட்டி இன்னும் இருக்குது, தொட்டுப் பாருங்க. எதனால ஒண்ணும் ஆகலன்னு எனக்குத் தெரியாது" என்றேன். ஒரு பெண் மட்டும் கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பல நாட்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கி வந்தேன்.