நேற்றைய வார்த்தை

எங்கள் வீட்டுக் கீபோர்டில் எப்போதும் பூட் பாலிஷ் வாசம் அடிக்கும். சாயங்காலம் ஷூவுக்குப் பாலிஷ் போட்ட கையைத் துடைத்தும் துடைக்காமலும் அப்பா வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப்பிடித்துக் குத்துவார் என்பதால், அவர் தொட்ட எழுத்துகளின் மேலெல்லாம் கறுப்பு அப்பியிருக்கும். "எதிரி வந்து இந்தக் கறையைப் பார்த்தாலே போதும், பாதி பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சுடுவான்" என்று அண்ணன் கிண்டல் செய்வான். அந்தக் கறையை மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைப்பதுதான் அம்மாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த ஒரே உறவு. மற்றபடி "நக்கோம்மா, எனக்கு அது நக்கோ" என்று தள்ளியே நிற்பாள்.

அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, சிகந்தராபாத் பக்கம் சைனிக்புரியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் எங்களைக் குடிவைத்துவிட்டு, பேகம்பேட்டில் ஓர் ஆபீசுக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசராகப் போய்க்கொண்டிருந்தார். அம்மா சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எந்த மொழி பேசினாலும் அவள் வாயில் ஆமாம் என்பது 'ஹவ்', வேண்டாம் என்பது 'நக்கோ', எதற்கு என்பது 'கைக்கு'. பிள்ளைகள் நாங்கள் இருவர்: இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் இருந்த சாமுவேல் அண்ணன், எட்டாம் வகுப்பில் இருந்த நான்.

டெலிபோன் கம்பியைப் பிடுங்கிச் செருகினால் கீச்சென்று கத்திவிட்டு இன்டர்நெட் வந்த காலம் அது. அதன் சொற்களை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. அண்ணன் ஒன்று சொன்னால் அப்பா அதை உடனே பட்டாளத்துப் பாஷைக்கு மாற்றிக்கொள்வார். எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு நாம் கேட்கிற பக்கத்தை அனுப்பித் தருகிற பெரிய கம்ப்யூட்டர்தான் 'சர்வர்' என்றால், "அப்போ ஹெட்குவார்ட்டர்ஸ்னு சொல்லு" என்பார். அது அனுப்புவதை வாங்கி நம் கண்ணுக்குக் காட்டுவது 'பிரவுசர்' என்றால், "நம்ம ரேடியோ செட்டு." ஆளுக்கு ஆள் மாறுகிற 'யூசர் நேம்' பட்டாளத்து நம்பராகவும், கடிதங்கள் வந்து சேர்கிற 'இன்பாக்ஸ்' முகாமில் தபாலுக்குச் சொல்கிற 'டாக்' ஆகவும், 'லாக்அவுட்' ராத்திரி விளக்கணைக்கிற 'லைட்ஸ் ஆஃப்' ஆகவும் எங்கள் வீட்டில் பெயர் மாறின. இன்றைக்கும் யாராவது சர்வர் டவுன் என்றால், மீசை வைத்த ஒரு பிரிகேடியர் படுத்துத் தூங்குவதுதான் என் மனக்கண்ணில் வருகிறது.

அவருக்கு விளக்கமே தேவைப்படாத ஒரே சொல் 'பாஸ்வேர்டு'. முகாம் வாசலில் காவலுக்கு நிற்பவன் இருட்டில் வருகிறவனை நிறுத்திக் கேட்கிற சொல் அது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் மாறும். ஒருமுறை வைத்த பாஸ்வேர்டையே நாங்கள் மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தபோது மனிதர் அதிர்ந்தே போய்விட்டார். "இன்னாடா இது, நேத்து வார்த்தைய இன்னைக்கும் வெச்சிருந்தா காவலுக்கு இன்னாடா அர்த்தம்?" என்றார். வீட்டுக்கு ஒரே மெயில் பெட்டி, அதற்குத் தினமும் மாலையில் பூட்டு மாற்றுவது தன் பொறுப்பு என்று அன்றே உத்தரவாகிவிட்டது. 'டூட்டி' என்று வந்துவிட்டால் அவரிடம் பேச முடியாது.

ஆக, தினமும் மாலை ஷூ பாலிஷ், பிறகு பாஸ்வேர்டு மாற்றம், பிறகு லாக்அவுட். இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, அன்றைய வார்த்தையைத் தாழ்ந்த குரலில் சொல்வார். எல்லாம் அவர் வேலை பார்த்த ஊர்களின் பெயர்கள். பெயரோடு ஒரு கதையும் வரும். ஜான்சியில் வெயிலில் தண்ணீர்ப் பை வெடித்த கதை, பதான்கோட்டில் யாரோ ஒரு சர்தார்ஜி முழு வாளி பாயசத்தையும் குடித்துவிட்டுப் பரேடுக்கு வந்த கதை. பாதி பொய்யாக இருக்கும், ஆனால் கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் ரசம் சாதம் கூட இறங்கும். புவியியலில் நான் வாங்கிய மார்க்குக்கெல்லாம் அந்தப் பாஸ்வேர்டுகள்தான் காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்படி ஒரு நாள் அவர் சொன்ன வார்த்தை தேஜ்பூர். அங்கே நிற்காத மழையில் சாக்ஸ் காயவே காயாதாம். பழைய ரேடியோ செட் வேலை செய்யும்போது மூடி கொதிக்குமாம். அதன்மேல் சாக்ஸை விரித்துக் காயவைத்துக்கொண்டே தலைமையகத்தோடு பேசிக்கொண்டிருப்பாராம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா வந்து உட்கார்ந்தார், ஜன்னலைச் சாத்தவில்லை, வார்த்தையும் சொல்லவில்லை. "ஒரு மாதிரியா இருக்கு, அப்புறம் சாப்பிடறேன்" என்று எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பக்கத்து வீட்டு ரெட்டி அங்கிளின் காரில் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்றார்கள். குழாயும் கம்பியுமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுக்கவைத்துவிட்டார்கள்.

விடிந்ததும் அம்மாவும் அண்ணனும் நானும் மாற்றுத் துணியும் பிளாஸ்க்கும் எடுக்க வீட்டுக்கு வந்தோம். அண்ணனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் கடைசி இன்டர்வியூ முடிந்து, எடுத்தார்களா இல்லையா என்று முந்தைய நாள் மெயில் வருவதாக இருந்தது; எடுத்திருந்தால் அன்று மதியத்துக்குள் சம்மதம் என்று பதில் போடவேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவனுக்கு. போனில் கேட்டால் எல்லாம் மெயிலில்தான் என்று வைத்துவிட்டார்கள். அப்பாவின் சம்பளம் நின்றுபோகிற நிலையில், அந்த ஒரு மெயில்தான் எங்களுக்கு இருந்த பிடிப்பு. மெயில் வந்திருக்கிற பெட்டியின் பாஸ்வேர்டோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்மூடிக் கிடக்கிறவரின் தலைக்குள் இருந்தது.

அண்ணன் ஊர்களாகப் போட்டுப் பார்த்தான். ஜபல்பூர் போட்டான், பரேலி போட்டான், அம்பாலா போட்டான். ஒவ்வொன்றுக்கும் 'பாஸ்வேர்டு தவறு' என்று சிவப்பெழுத்தில் ஒரு வரி வந்தது. பிறகு, இன்னும் ஒருமுறை தவறானால் பெட்டி ஒரு நாளைக்குப் பூட்டிக்கொள்ளும் என்று எச்சரிக்கையும் வந்தது. அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். "என்ன ஊர் பாப்பா? யோசி, யோசி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். எனக்கு இந்தியாவில் உள்ள எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் மறந்துபோயிருந்தன.

நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கையில் அம்மா, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், தினமும் அந்த நேரத்துக்குச் செய்வதைப் போல ஈரத்துணியோடு வந்து, அண்ணனின் கையை ஒதுக்கிவிட்டுக் கீபோர்டைத் துடைத்தாள். பிறகு துணியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் துடைத்துப் பார்த்தாள்.

"சாமு, நேத்து வார்த்தையே போடுடா."

"அம்மா, வானமே இடிஞ்சு விழுந்தாலும் அப்பா மாத்தாம இருக்கமாட்டார். இருக்கிறதே ஒரே சான்ஸ். பேசாம இருங்க."

"துணிய பாருடா. கறுப்பே வரல. நேத்து சாயந்திரம் அவரு பாலிஷும் போடல, இங்க உக்காரவும் இல்ல. கைக்கு இப்படிப் பாக்கறே? போடு."

மூலையில் ஷூ கிடந்தது. பேகம்பேட்டுத் தூசி அப்படியே இருந்தது.

அண்ணன் தேஜ்பூர் என்று அடித்தான். திரையில் அடுத்த பக்கம் மெல்ல வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டதை இன்றுவரை அண்ணனிடம் சொன்னதில்லை. திறக்கக்கூடாது சாமி, திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பூட்டியிருந்தால் அப்பா நேற்று மாலைவரை நன்றாக இருந்தார் என்று அர்த்தம். திறந்துவிட்டால், எங்கள் கண்முன்னாலேயே மாலை முழுக்க வலியோடு உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம். பெட்டி திறந்தது. முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் பெங்களூர்க் கம்பெனியின் பெயர், பக்கத்தில் வாழ்த்துகள் என்று இருந்தது.

"திறந்துச்சா?" என்றாள் அம்மா. எங்கள் முகங்களைப் பார்த்தாள். "அய்யோ, மாத்தவே இல்லியே மனுஷன்" என்று அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை கிடைத்த அண்ணன் ஓவென்று அழுதான். அழுதுகொண்டேதான் சம்மதம் என்று பதில் போட்டான்.

அப்பா பிழைத்தார். குழாயை எடுத்துவிட்டுப் பேசவிட்ட அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "வார்த்த மாத்துனீங்களா?" என்பதுதான். "ஹவ், சிகந்தராபாத்னு வெச்சிருக்கோம்" என்று அம்மா கூசாமல் ஒரு பொய் சொன்னாள். "அது ஊருக்கே தெரியுமேடி, வேற வைங்க" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பாலிஷ், மறுபடியும் பாஸ்வேர்டு. ஆனால் அதற்குப் பிறகு காலையில் அம்மா எனக்கு ஒரு வேலை வைத்தாள். துணியால் துடைத்து முடித்ததும், "நேத்து வார்த்தைய போட்டுப் பாரு" என்பாள். நேற்றைய வார்த்தை என்றால், பூட்டு மாறுவதற்கு முந்தையது. போடுவேன். சிவப்பெழுத்து வரும். "என்ன சொல்லுது?" "தப்புன்னு சொல்லுதும்மா." "ஹவ்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போவாள். ஊரே அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் அதைப் பார்த்தால்தான் அடுப்பே பற்றவைப்பார்கள்.

கல்யாணமாகி, ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் கொண்டாப்பூருக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. கம்ப்யூட்டர் எத்தனையோ மாறியது, பாலிஷ் டப்பா மாறவில்லை. பகலில் போன் பேசும்போது அப்பாவிடம் வார்த்தையைக் கேட்டுக்கொள்வேன்; மறுநாள் ஆபீசுக்குக் கிளம்புமுன் அந்த முந்தைய வார்த்தையைப் போட்டுப் பார்ப்பேன், தவறு என்று வரும், நிம்மதியாகக் கிளம்புவேன். ஒரு நாள் காலையில் அது திறந்துகொண்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "தெரியும்டி. துணி வெள்ளையா இருக்கு. சீக்கிரம் வா" என்றாள். அந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். என் போன் என் முகத்தைப் பார்த்தே திறந்துகொள்கிறது. பாங்குக்காரன் நொடிக்கொரு எண்ணை அவனே அனுப்பி அவனே அழித்துவிடுகிறான். "பாஸ்வேர்டா? வாட் ஃபார், மம்மி?" என்று கேட்கிறாள் என் மகள். வார்த்தை கேட்கிறவரும் இல்லை, வார்த்தைக்கு ஒரு கதை சொல்கிறவரும் இல்லை, கீபோர்டில் எந்த வாசமும் இல்லை. அப்பாவின் பெட்டி மட்டும் அவர் கடைசியாக வைத்த வார்த்தையோடு அப்படியே இருக்கிறது. நான் அதை மாற்றவில்லை.

சில காலைகளில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தேஜ்பூர் என்று அடிப்பேன். எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்.

"என்ன சொல்லுது?"

"தப்புன்னு சொல்லுதும்மா."

"ஹவ்" என்று எழுந்து காபி போடப் போகிறாள்.