கீரையில் அரைத்த சோறு

என் முதல் மகன் நான்கு கிலோவுக்கு மேல் எடையுடன் பிறந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். "எவ்ளோ கொழுகொழுன்னு இருக்கான் பாரு." அவன் மூச்சு விடவில்லை. பிறப்பதற்கு முன்பே வயிற்றுக்குள் அசைவு நின்றுவிட்டது.

நம் கோயில் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் என் அனுபவத்தைச் சொல்லும்படி அக்காமார்கள் பல மாதங்களாகக் கேட்கிறார்கள். நான் மறுத்து வந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்ற பயம் இல்லை. கோபப்பட்டுவிடுவேன் என்ற பயம். எழுத்தில் கொஞ்சம் அடக்கம் வரும் என்பதால் எழுதித் தருகிறேன்.

நான் புவனா. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு யோசிக்க வரும். குழந்தை போன பிறகு உறவினர்கள் சொன்ன காரணங்களையும் அப்படித்தான் மனத்தில் அடுக்கி வைத்தேன். ஒன்று, வயிற்றோடு ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். இரண்டு, வெள்ளிக்கிழமைகூட ஓவர்டைம் செய்தேன். மூன்று, யாரோ கண் வைத்துவிட்டார்கள். நான்கு, நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காவதைச் சொன்னவர் தெலுக் இந்தானில் இருக்கும் பாக்கியம் பெரியம்மா. என் மாமியார் லெட்சுமி அத்தைக்கு அக்கா. நான் சரியாகச் சாப்பிடவில்லையாம். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். காலையில் இனிப்பான டின்பால் ஊற்றிய டீ, பத்து மணிக்குப் பலகாரம், மதியம் தட்டு நிறையச் சோறு, சாயங்காலம் மறுபடி டின்பால் டீ. வேண்டாம் என்றால், "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் லா" என்று இன்னொரு கரண்டி வைப்பார்.

ரத்தத்தில் சீனி கூடியிருக்கிறதா என்று பார்க்க கிளினிக்கில் தேதி கொடுத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, இனிப்புத் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரை நான் வாந்தி எடுத்துவிட்டேன். வேறு தேதி கொடுத்தார்கள். அது ஒன்பதாம் மாத வளைகாப்பு வாரத்தில் விழுந்தது.

"அந்தச் சீனித் தண்ணி புள்ளைக்கு ஆகாது. வளைகாப்பு முடியட்டும், அப்புறம் போலாம்" என்றார் அத்தை. என் கணவர் முகுந்தனும், "அம்மா மனசு நோகாம பாத்துக்க" என்றார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு வகை. ஒவ்வொருவராக வந்து ஊட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போனோம். சீனி பார்க்கப் போகவில்லை. அசைவு இல்லை என்று போனோம்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "கண்டுபிடிக்காத சீனி காரணமா இருக்கலாம்" என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த 'இருக்கலாம்' என்னோடு வீட்டுக்கு வந்தது. வேறு யாரோடும் போகவில்லை. அவர்களுக்கு அவரவர் காரணம் ஏற்கெனவே கையில் இருந்தது.

அதன் பிறகு நான் கோயிலுக்கு வரவில்லை. எஸ்டேட் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகும் சிம்பாங் பூலாய் பக்கம் அதே இடத்தில் இருக்கிறாள் நம் மாரியம்மன். வேலைக்குப் போகும் வழிதான். அந்தத் திருப்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கும்பிட என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

மறுபடி கர்ப்பம் தரித்தபோது மூன்றாம் மாதத்திலேயே நானாகப் போய்ச் சீனி பார்த்தேன். இருந்தது. டாக்டர் எனக்கு இரண்டு எல்லை கொடுத்தார். மில்லிமோல் கணக்கில், காலையில் வெறும் வயிற்றில் 5.3. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 6.7. இதைத் தாண்டக் கூடாது. உணவு ஆலோசகர் சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதி, அதுவும் மதியம் மட்டும். மற்றபடி முட்டை, மீன், கோழி, கீரை, காய்கறி. டீயில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. விரலைக் குத்தி மீட்டரில் பார்க்க வேண்டும்.

எனக்கு இது கஷ்டமாக இல்லை. வீட்டில்தான் கஷ்டம். பெரியம்மா போனில் அத்தையிடம் சொன்னது எனக்கே கேட்டது. "ஒன் மருமக மிஷின பாத்துத்தான் புள்ள வளக்குறாளா? போன தடவயும் படிச்ச புத்தியிலதான் போச்சி."

அன்றுதான் கோயிலுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நம்மில் பலர் அம்மனிடம் பிள்ளையைக் காப்பாற்று என்று வேண்டுவோம். நான் அதைக் கேட்கவில்லை. ஒரு முறை கேட்டாயிற்று. "தாயே, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னால் முடிந்ததை நான் செய்கிறேன். அந்த வீட்டில் எனக்கு ஓர் ஆளைக் கொடு. ஒரே ஓர் ஆள் என் பக்கம் நிற்கட்டும்." இதுதான் என் வேண்டுதல். வாரா வாரம் போய் இதையே கேட்டேன்.

ஆள் யாரும் வரவில்லை. சீனிதான் ஏறியது. ராத்திரிச் சாப்பாட்டில் சோறே கிடையாது, மீனும் கீரையும்தான். ஆனாலும் மீட்டர் 8, 9 என்று காட்டியது. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். அதைச் சோதிக்கவென்றே ஒரு திரவம் விற்கிறார்கள், அதை விட்டுப் பார்த்தேன். கருவி சரி. ரத்தம் வைக்கும் பட்டையை மாற்றினேன், அதுவும் சரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் குத்தினேன். அதே எண். மீதி இருந்தது சாப்பாடு. அதில் எனக்குத் தெரியாமல் என்ன இருக்க முடியும்?

ஒரு நாள் கிளினிக் முடிந்து வேலைக்குத் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் பிளெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெந்த கீரையோடு ஒரு பெரிய கை சோற்றைப் போட்டு அத்தை அரைத்துக்கொண்டிருந்தார். மாவு மாதிரி அரைத்தால் கீரைக் கடையலில் சோறு இருப்பது யாருக்குத் தெரியும்?

"என்ன அத்தே இது?"

அவர் திடுக்கிடவில்லை. "சோறுதான். விஷமா வெச்சேன்? வயித்துல இருக்கறது பசியில கெடக்கு. நீ அதுக்கு ஒரு கை சோறு போட மாட்டேங்குற. நான் போட்டேன்."

"எத்தன நாளா?"

"கீரை வெக்கிற அன்னைக்கெல்லாம்தான்."

எனக்குக் கத்த வரவில்லை. மீட்டரை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். பழைய எண்கள் அதில் தங்கும். ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக் காட்டினேன். "இது நேத்து, கீரை வெச்சீங்க. இது அதுக்கு முந்தின நாளு, நீங்க கோயில்ல இருந்தீங்க, நான் முட்ட பொரிச்சி சாப்பிட்டேன். இது திங்கக்கெழம, கீரை. இதுக்கு மேல போனா புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்ன நம்பர் இது."

அத்தைக்கு எண் வாசிக்கத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவரே பொத்தானை அழுத்தி மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்போ மொதப் புள்ளைக்கு நான் குடுத்ததெல்லாம்?"

'இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார், உறுதியில்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் அந்தச் சொல்லை நான் தனியாகச் சுமந்திருந்தேன்.

அவர் கீரையைக் குப்பையில் கொட்டினார். பிளெண்டரைக் கழுவினார். மறுபடி மறுபடி கழுவினார்.

மறுநாள் காலையில் நான் விரலைக் குத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னிக்கி எவ்ளோ?"

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"நல்லதா?"

"நல்லது."

"சரி" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் கேட்ட ஆள் வந்துவிட்டார் என்று அப்போது தெரிந்தது. அது அவராக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்லப் போனால், யாராக இருக்கக் கூடாது என்று அம்மன் கேட்டிருந்தால் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். வேண்டுதல் பலித்தது என்று எல்லாரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். எனக்கு அன்று வந்தது வேறு. அது மகிழ்ச்சி இல்லை.

வளைகாப்பு வேண்டாம் என்றேன். அத்தை கேட்கவில்லை. "வளையல் போடாம எப்படி?" அன்று பாக்கியம் பெரியம்மா தெலுக் இந்தானிலிருந்து ஏழு சாதத்தையும் தானே சமைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்து வந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா பொங்கலைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாய்க்கு நேரே வந்தார். அத்தை குறுக்கே கையை வைத்தார்.

"வேணாங்க்கா."

"ஒரு வாய்தானே லெட்சுமி. ஏழு சாதம் இல்லாம என்ன வளைகாப்பு? கம்பெனி மீட்டிங் மாதிரியில்ல இருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"போன தடவ ஏழு சாதத்தையும் ஆக்குனது நான்தான்க்கா. மொத வாய் ஊட்டுனதும் நான்தான். இந்தத் தடவ வளையல மட்டும் போட்டுட்டுப் போங்க."

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு பொங்கலைச் சட்டியில் திருப்பிப் போட்டார். அதன் பிறகு யாரும் எதையும் ஊட்ட வரவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. முகுந்தன் வாசலில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னிடம் யார் மனசையும் பற்றிப் பேசியதில்லை.

கடைசி மாதங்களில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதவில்லை. இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஊசி வந்துவிட்டதே என்று எனக்கே மனம் விட்டுப்போனது. அத்தைதான் பஞ்சை எடுத்து நீட்டி, "போடு, போட்டாத்தான நம்பர் எறங்கும்" என்றார்.

மகள் பிறந்தாள். எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பிறந்தவுடன் அழுதாள். அந்தச் சத்தத்துக்கு நான் தயாராக இல்லை. நர்ஸ் அவள் குதிகாலில் குத்திச் சீனி பார்த்தார். சரியாக இருந்தது. எனக்கும் பிறகு பார்த்தார்கள். இப்போதைக்கு இல்லை. ஆனால் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். சோற்றின் அளவையும் நான் கூட்டவில்லை.

அம்மனுக்கு நான் நன்றி சொல்கிறேன். மனதாரச் சொல்கிறேன். ஆனால் முதல் பிள்ளை போனதும் நன்மைக்கே என்று தயவுசெய்து யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் ஓர் ஊசிமுனை ரத்தம் போதுமானதாக இருந்திருக்கும்.

இதை அத்தையிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தருகிறேன். பிளெண்டர் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு, "ம், படி" என்றார். எதையும் மாற்றச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பொங்கல் கரண்டி இப்போது அவர் கையில் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றோடு வரும் பெண் யாராக இருந்தாலும் கரண்டியை நிறுத்திவிட்டு, "சீனி பாத்தியாம்மா?" என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் விபூதியும் பூவும் மட்டும் கொடுத்து, திங்கட்கிழமை கிளினிக் திறந்திருக்கும் என்பார். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "சாமி பிரசாதத்துக்கு ஒங்க மாமியார் ரிப்போர்ட் கேக்குறாங்க" என்று ஓர் அக்கா என்னிடமே சொன்னார்.

கேட்கட்டும். நம்பி வேண்டுங்கள், வேண்டிவிட்டு விரலையும் நீட்டுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் நிற்கும்போது அவர் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அம்மனே கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அத்தையை மன்னிக்க முடியாத நாட்கள் எனக்கு இன்னும் வருகின்றன. அந்த நாட்களில் வரிசையின் கடைசியில் போய் நின்று, அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.