கோடு விழுந்த நுரைக்கல்

2023 ஆகஸ்ட் 21: இறக்கிய மூட்டை 180. மூட்டைக்கு 25 கிலோ. மொத்தம் 4,500 கிலோ.
ஆகஸ்ட் 24: முதல் மூட்டையில் கறுப்புக் கோடு உள்ள கல் 31.
ஆகஸ்ட் 29: இந்தக் கல்லோடு சுற்றியதில் கிழிந்த பேன்ட் 46.
செப்டம்பர் 2: தொட்டியில் போட்ட கல் 20. மறுநாளைக்குள் மூழ்கியது 3. மூன்றிலும் கறுப்புதான் அதிகம்.

இந்தக் கணக்கு தாயம்மாளுடையது. மேனாம்பேட்டிலிருந்து தினமும் நடந்தே அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருபவர். ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்கும் வாஷிங் யூனிட் ஒன்றில் பத்தொன்பது வருஷமாகக் கல் ஸ்டோர் அவர் பொறுப்பு. துணியோடு மெஷினில் சுற்றும், தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் எரிமலையிலிருந்து வருவது என்று அவருக்குத் தெரியும். எந்த மலை, எப்படிப்பட்ட மலை என்று கேட்க நேர்ந்ததில்லை. இந்த முறை ஈக்வடாரிலிருந்து வந்த வெள்ளைக் கல்லில் கறுப்பு, கோடு கோடாக ஓடியது.

மேனேஜர் ரகுநாதன் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒட்டு வேலை, தாயம்மா. வெள்ளையோட வேற எதையோ சேத்து சிமென்ட்டுல பிடிச்சிருக்கான். நீங்க கையெழுத்துப் போட்டு எறக்கிட்டீங்க."

"ஒட்டியிருந்தா ஒட்டின எடத்துல ஒடையணுமே சார்." தாயம்மாள் சுத்தியலால் தட்டினார். கல் கோட்டின் வழியே பிரியவில்லை. கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உடைந்தது.

ரகுநாதன் அசரவில்லை. "உண்மை தெரியற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

தாயம்மாள் நூல் வெட்டும் மேசை வேலைக்குப் போனார். மூட்டைகள் தார்ப்பாய்க்கடியில் கிடந்தன. சாவி போனது உறுத்தியதுதான். அதைவிட அந்தக் கோடு அதிகமாக உறுத்தியது. சாப்பாட்டு வேளையில் பாதிக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளைப் பெயின்டில் கறுப்பை ஊற்றி இரண்டே சுற்றுச் சுற்றி நிறுத்தியதுபோல இருந்தது. சுற்றியது யார்? ஏன் நிறுத்தினார்கள்?

மெஷின் ஓட்டும் ஜெகதீஷுக்கு வேடிக்கை. "இன்னாக்கா, கல்லுக்கு ஜாதகம் பாத்துகினு கீறியா?"

"பொறந்த நேரம் தெரியல. அதான் எழுதிக் கேக்கப்போறேன்."

"யாருக்கு, மலைக்கா?"

"குவாரிக்குடா. மூட்டையிலேயே அட்ரஸ் கீது."

ஆபீஸில் இருக்கும் வித்யா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். செப்டம்பர் 11 அன்று, உடைத்த கல்லின் ஒரு பாதியும் மிதக்கவிட்ட கணக்கும் கிழிந்த பேன்ட் கணக்கும் பார்சலில் போயின. டிசம்பர் 6 அன்று இரண்டு வரிப் பதில் வந்தது: கல்லை எரிமலை ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மாளிடம் கொடுத்திருக்கிறோம்.

அந்த அம்மாள் எழுதிய கடிதம் மார்ச்சில்தான் வந்தது, மூன்று பக்கம். வித்யா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். மலை இளையது, சில ஆயிரம் வருஷம்தான். குழம்பு ஒரு அடுக்கு, சாம்பல் ஒரு அடுக்கு என்று மாறி மாறிக் கொட்டி உயர்ந்தது. அடியில் வெளிர்நிறக் குழம்பு கெட்டியாகத் தேங்கியிருந்தது. இன்னும் ஆழத்திலிருந்து, அதைவிடச் சூடான கறுத்த குழம்பு ஏறி வந்து அதில் கலந்தது. முழுக்கக் கலப்பதற்குள் மலை வெடித்துவிட்டது. வானில் பறந்தபோதே நுரை உறைந்தது. கறுப்பில் துளை குறைவு, கடினமான படிகம் அதிகம். அதனால்தான் உங்கள் தொட்டியில் அது முதலில் மூழ்கியது. துணியைக் கிழித்ததும் அந்தப் படிகம்தான்.

"ரெண்டும் சேந்ததுக்கும் வெடிச்சதுக்கும் எவ்ளோ நாளாம்?"

"சில வாரம் இருக்கலாமாம்க்கா. உறுதியாச் சொல்ல முடியலையாம்."

அந்த வரியை மட்டும் தாயம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தோடு ரகுநாதன் அறைக்குப் போனார்.

"ஒரே கல்லுதான் சார், ஒட்டு இல்ல. ஆனா துணியக் கிழிச்சதும் இந்தக் கறுப்புதான். ரெண்டையும் எழுதியிருக்காங்க."

ரகுநாதன் மூன்று பக்கத்தையும் படித்தார். "ரெண்டாவத நீங்க சொல்லாம விட்டிருக்கலாமே?"

"விட்டா இன்னொரு நாப்பத்தாறு கிழியும்."

அவர் இழுப்பறையைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்தார். "கோடு போட்டதை நீங்களே பொறுக்கி எடுங்க."

பொறுக்கி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒதுக்கிய கல் 5,212. கடிதத்தை ஸ்டோர் பதிவேட்டில் ஒட்டி, மேலே தாயம்மாள் எழுதினார்: கடிதம் வந்த நாள் 2024 மார்ச் 18, திங்கட்கிழமை.