நான்காவது ஓரம்

உடையார்பாளையத்தில் ஜெயலட்சுமி அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் அண்ணனைக் கட்டியவள், நான் தம்பியைக் கட்டியவள். ஓரகத்திகள் என்றாலே ஊர் சண்டையை எதிர்பார்க்கும். நாங்களும் ஊரை ஏமாற்றியதில்லை. ஆனால் காலையில் சண்டை போட்டால் மத்தியானம் குழம்புக் கிண்ணம் சுவரைத் தாண்டிவிடும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் ஜாக்கெட் பிட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஜாக்கெட் பிட்டை யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதற்காகக் கொடுப்பதில்லை. விசேஷத்துக்குப் போனால் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காயோடு ஒரு பிட்டு வரும். வாங்கி பீரோவில் வைப்போம். அடுத்து நம் வீட்டில் விசேஷம் வரும்போது அதையே மடிப்புக் கலையாமல் எடுத்து இன்னொருத்தி தட்டில் வைப்போம். எங்கள் கிரகப்பிரவேசத்தில் நான் கொடுத்த கிளிப்பச்சைப் பிட்டு ஒன்று விருத்தாசலம் வரைக்கும் போய்விட்டு, ஒரு காதுகுத்தில் என் கைக்கே திரும்பி வந்தது. அதன் மூலையில் என் வீட்டு எறும்பு கடித்த ஓட்டைகூட அப்படியே இருந்தது.

அக்கா மட்டும் மாற்றிக் கொடுக்கமாட்டாள். "நம்ம மொகத்தப் பாத்து, குங்குமம் வச்சிக் குடுத்ததுடி. அத எப்புடி இன்னொருத்திக்குத் தள்ளி வுடுறது?" என்பாள். சரி, தைத்தாவது போடுவாளா என்றால் அதுவும் இல்லை. எந்தப் பிட்டும் அவளிடம் இருக்கிற எந்தச் சேலைக்கும் சேராது. பாதிப் பிட்டுகள் ஒரு சின்னப் பெண்ணுக்கே கை வைக்கப் பத்தாது. பீரோவின் கீழ்த்தட்டு நிறைந்து, டிரங்குப் பெட்டி நிறைந்து, கடைசியில் முந்திரிக்கொட்டை கட்டுகிற சாக்கில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். எதைக் கையில் எடுத்துக் காட்டினாலும் யார் கொடுத்தது, என்ன விசேஷம், அன்றைக்குச் சாப்பாட்டில் பாயசம் தீய்ந்ததா என்பதுவரை சொல்வாள்.

மகளுக்கு நிச்சயம் பண்ணிவிட்டு அவள் வீட்டுக்காரர் ராஜவேல் மாரடைப்பில் போன பிறகு பிட்டு வருவது நின்றுபோனது.

இதை எப்படிச் சொல்வது. விசேஷ வீட்டில் எங்களைச் சேர்த்துத்தான் உட்கார வைப்பார்கள். பந்தியில் அவளுக்குத்தான் முதலில் இலை போடுவார்கள். தாம்பூலத் தட்டு வரும்போது மட்டும் அது என்னிடம் நின்று, அவளைத் தாண்டி, அடுத்தவளிடம் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணமாக இருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருப்பேன். அக்கா அந்த நேரத்தில் சரியாகக் கைப்பைக்குள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடத் தொடங்குவாள்.

அக்காவுக்குத் தையல் தெரியும். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். ஒருநாள் அவள் மகள் அபிநயா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துச் சேர்த்து மெத்தென்று போர்வை தைக்கிறார்கள். அதற்கு 'குயில்ட்' என்று பேராம். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மறுநாள் கட்டிலுக்கடியிலிருந்த சாக்கு வெளியே வந்தது. குயில்ட் என்பது அவள் வாயில் ஒட்டுப்போர்வை ஆகிவிட்டது.

பிட்டுகளைச் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து இணைப்பாள். நடுவில் பழைய நூல் சேலை, அடியில் நைந்த வேட்டி. குறுக்கும் நெடுக்குமாக மிஷினை ஓட்டி மூன்றையும் ஒன்றாக்குவாள். பிறகு மூன்று பக்கம் ஓரம் மடித்து அடிப்பாள். நான்காவது பக்கத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிடும். போர்வை மடிந்து பீரோவுக்குள் போய்விடும். அடுத்ததற்குத் துணி வெட்ட ஆரம்பித்துவிடுவாள்.

முதல் போர்வை என் நாத்தனார் மகள் சுவாதியின் கல்யாணத்துக்கு என்று ஆரம்பித்தது. கல்யாணம் வந்தது, போர்வை போகவில்லை. அடுத்தது ஜெயங்கொண்டத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு. அதுவும் போகவில்லை. மூன்றாவது ஒரு காதுகுத்துக்கு. கேட்டால், "இன்னும் முடியலடி" என்பாள். நானும் சும்மா இருக்காமல், "நீ தைக்கிறது போர்வையா, நாலு வழிச் சாலையா? வருசக்கணக்கா முடியவே மாட்டேங்குது" என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் சுவாதியே வந்து, "அத்த, எனக்குத் தச்சத இப்பவாவது குடுங்க" என்று கேட்டாள். அக்கா அதே பதிலைச் சொன்னாள். சுவாதி போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு பக்கந்தான அக்கா பாக்கி? உலையில அரிசி வேகறதுக்குள்ள முடிஞ்சிரும். உக்காரு, நான் பாக்குறேன்."

அவள் மிஷின் மேலிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டாள். "முடிச்சிட்டா குடுக்கணுமில்ல" என்றாள்.

"குடுக்கத்தான தச்ச?"

"சுவாதி கேக்குறா. அவ மாமியா என்ன நெனைக்கும்? கட்டிக்கிட்டுப் போயி வாழுற புள்ளைக்கு நான் துணி குடுத்தா நல்லாவா இருக்கும்? முடியலன்னு சொன்னா ஒருத்தருக்கும் சங்கடமில்ல பாரு."

வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே அவள் எதையும் முடிக்காமல் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு யார்மேல் என்று தெரியாத கோபத்தில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

நான்காவது போர்வை அபிநயாவின் பிள்ளைக்கு.

அபிநயாவைத் தா.பழூரில் கொடுத்திருக்கிறது. வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். வளைகாப்பில் தாய் இடத்தில் நின்று முதல் வளையலைப் போட்டது நான்தான். அக்கா சாத வகைகளுக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்தப் போர்வைக்கு மட்டும் அவள் பார்த்துப் பார்த்துத் துணி எடுத்தாள். குத்துகிற ஜரிகை எதுவும் இல்லை. பாலியஸ்டர் இல்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதையும் முழுதாக முடித்து வைக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு சாஸ்திரம் உண்டு. நான்காவது ஓரத்தை விடுவதற்கு இந்தத் தடவை அவளுக்கு நல்ல காரணமே கிடைத்துவிட்டது. ஆனால் ஒருநாள் போர்வையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"புள்ள பொறந்ததும் இந்த ஓரத்த நீ அடிச்சிக் குடுடி. உன் கையால முடிஞ்சதா இருக்கட்டும். அப்பறம் புள்ளைய அதுல போட்டா ஒண்ணும் தோஷமில்ல."

"மாட்டேன்" என்றேன்.

"ஏன்டி?"

"ஒம் பேரப்புள்ளைக்கு நீ தச்சத நான் முடிச்சாத்தான் ஆகும்னா, ஒங் கையில என்ன இருக்கு? கரியா? நான் தொடமாட்டேன்."

நான் சொன்னது அவளுக்கு வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. "செரி. உனக்கும் பயம் இருக்குமில்ல, நீயும் நாலு பேரோட வாழறவ" என்று போர்வையை மடித்துக்கொண்டாள். அப்படி இல்லை என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாளே என்று எனக்கும் வீம்பு. அதற்குப் பிறகு குழம்புக் கிண்ணம் சுவரைத் தாண்டவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே அபிநயாவுக்கு வலி எடுத்தது. காலை நேரம். அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏய், வாடி!" என்று கத்தியதில் சண்டை போன இடம் தெரியவில்லை. அவள் கார் பிடிக்க ஓடினாள். நான் பையில் துணிகளை அடைத்தேன். மிஷின் மேலே அந்தப் போர்வை மடித்தபடி இருந்தது. எடுத்துப் பைக்குள் திணித்தேன். யாரைக் கேட்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கதவைத் திறந்து, "புள்ளைக்குச் சுத்தத் துணி குடுங்கம்மா, மெத்துன்னு" என்றார். அக்கா பழைய சேலையைத் தேடுவதற்குள் நான் போர்வையை நீட்டிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தாள். அதற்குள் கதவு மூடிவிட்டது.

பெண் பிள்ளை. ஒட்டுப்போர்வைக்குள் முகம் மட்டும் தெரிந்தது. அக்கா வாங்கத் தயங்கினாள். நர்ஸம்மாவுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. "பாட்டி யாரு? புடிங்க, எனக்கு வேல கெடக்கு" என்று அவள் கையிலேயே வைத்துவிட்டுப் போனார். அக்கா அழுதாள். நானும் அழுதேன்.

மதியத்துக்குள் சம்பந்தியம்மா தா.பழூரிலிருந்து வந்துவிட்டார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்தார். கிட்டக் குனிந்து பார்த்தார். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இந்த ஊதாக் கலரு நான் நிச்சயத்துக்கு வச்சிக் குடுத்ததுல்ல?"

"ஆமாங்க சம்பந்தி" என்றாள் அக்கா, மெதுவாக.

"ஒரு நல்ல துணிய இப்புடிக் கொண்டுபோய் ஓரத்துல போட்டுட்டீங்களே. நடுவுல வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தார். அவ்வளவுதான். அவர் கவலை ஊதா நிறத்தைப் பற்றியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு தெருவில் பிள்ளை பார்க்க வந்தவர்களெல்லாம் போர்வையில் தங்கள் பிட்டைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்களுக்குப் பெருமை. இல்லாதவர்கள், "நாங்க குடுத்தது எங்க?" என்று முகம் சுளித்தார்கள். நான் அக்காவிடம், "பாத்தியா? இப்பவாவது ஓரத்த அடி" என்றேன்.

"தீட்டுக் கழியட்டும்" என்றாள். தீட்டுக் கழிந்தது. "பேரு வக்கட்டும்" என்றாள். பேரும் வைத்தாயிற்று. நான்காவது பக்கம் பிரிந்த நூல்களோடு அப்படியே கிடந்தது. யாரும் ஒன்றும் சொல்லாத பிறகும் அவளுக்குள் இருந்த பயம் போகவில்லை. இதையும் முடித்துவிட்டு நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட தன் கையைத்தான் அவள் பார்ப்பாள். அது எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பிள்ளை அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தும் நிற்கவில்லை. வயிற்று வலியோ என்று ஓம வாசனை காட்டினோம். நான் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். பிள்ளை நீலம் பாரித்துக் கத்தியது. அக்கா மூலையில் நின்று தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அபிநயாதான் போர்வையை முழுதாக விலக்கிப் பார்த்தாள். "அம்மா, கால்!" என்று அலறினாள்.

பிரிந்த ஓரத்திலிருந்து வந்த நூல் ஒன்று பிள்ளையின் கால் விரலைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் நாவல்பழம் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது. அபிநயாவால் பார்க்கவே முடியவில்லை. அக்கா முந்தானையை உதறிவிட்டு வந்தாள். மிஷின் டிராயரிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். விரலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சதையில் படாமல், ஒவ்வொரு சுற்றாக அறுத்தாள். அவள் கை கொஞ்சமும் ஆடவில்லை.

விரலில் மெல்ல ரத்தம் ஓடியது. கறுப்பு சிவப்பானது. பிள்ளை விசும்பி விசும்பி அடங்கியது. டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தோம். "நேரத்துல பாத்தீங்க, ஒண்ணும் பயமில்ல" என்றார்.

திரும்பி வந்ததும் அக்கா அந்த நூலைக் கையில் எடுத்தாள். "இது நான் வுட்ட நூலு" என்றாள். பிள்ளையை என் மடியில் போட்டாள். போர்வையை எடுத்துக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "குடு அக்கா, நான் அடிக்கிறேன்" என்றேன்.

"நீ புள்ளையப் புடி."

ஓரத்தை மடித்தாள். மிஷின் ஓடத் தொடங்கியது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை நிறுத்தாமல் அடித்தாள். திருப்பி, அதன்மேலேயே இன்னொரு தையல் போட்டாள். நூலைக் கத்தரித்துவிட்டு எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து அடுத்த பாபினுக்கு நூல் சுற்ற ஆரம்பித்தாள்.

"பீரோவுல இருக்கற மூணையும் எடுத்துட்டு வாடி" என்றாள்.

"இப்பவேவா? குடுத்து வாங்கலன்னா என்ன பண்ணுவ?"

"வாங்கலன்னா திருப்பிக் கொண்டாந்துக்கறேன். நாளைக்கு மொதல்ல சுவாதி வூட்டுக்குப் போறேன், நீயும் வா" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.