கீபோர்டிலிருந்து கையை எடுக்கச் சொன்னவள்

இரணியல் ரயில் நிலையத்தில் மகளை வண்டியேற்றிவிட்டுத் திரும்பும்போது ஃப்ளோராவின் தம்பி அழைத்தான். "அண்ணே, அக்கா போயிட்டா" என்றான். சில மாதங்களாகவே ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தவள்தான், எதிர்பார்த்த சேதிதான். அதற்காக வலி குறைந்துவிடவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, நாகர்கோவில் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த உங்கள் ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். எல்லோரும் முதலில் அழுதீர்கள். பிறகு அவள் உங்களைக் கேலி செய்த ஏதாவதொன்றைச் சொல்லிச் சிரித்தீர்கள்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நானும் ஃப்ளோராவும் ஒரே வயதுக்காரர்கள், பக்கத்துப் பக்கத்து மேசை. 'அவர்' என்று எழுதினால் கல்லறைக்குள்ளிருந்தும் சிரிப்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது மின்னணுத் தராசுகள். தராசிலிருந்து எடையை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி மேலே தொங்கும் பலகைக்கு அனுப்புகிற பெட்டி ஒன்று உண்டு. அந்தப் பெட்டியின் சீரியல் போர்ட்டை, அதாவது கம்பி மாட்டும் வாயை, ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் ஃப்ளோராவின் பொறுப்பு. போர்ட்டில் இருக்கும் சிப் எடையை ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும். ஒன்று போனதும், "முடிந்தது, அடுத்ததைத் தா" என்று டிரைவருக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்திறங்கிய சிப்புகள் சில சமயம் அதைச் சொல்ல மறந்தன. டிரைவர் அந்தச் சொல்லுக்காகக் காத்தே கிடக்கும், பலகையில் பழைய எண் அப்படியே நிற்கும். சிப்பைச் செய்தவனை நாங்கள் வாயாரத் திட்டினோம். அவள் திட்டவில்லை. "அதுக்க கொணம் அப்பிடி. திட்டினா திருந்துமா? நாமதான் சுத்திப் போணும்" என்றாள்.

ஆனால் இந்தக் குணம் எங்களுக்குத் தெரியவந்ததே அவளுடைய சொந்த ஊரில் அவமானப்பட்ட பிறகுதான். தாயில்லாத ஃப்ளோராவை வளர்த்தவர் அவளுடைய சின்னம்மா. கடற்கரை ஏலக்கூடத்தில் மீன் விற்பவர். பழைய தராசை விட்டுவிட்டு மின்னணுத் தராசுக்கு மாற அங்குள்ள பெண்களைச் சம்மதிக்க வைத்தது அவர்தான். "நம்ம பிள்ள செஞ்சது, பொய் சொல்லாது" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இரண்டாம் வாரமே பலகை நின்றது. பெரிய நெய்மீன் ஒன்றை நிறுத்துவிட்டு அடுத்ததாக ஒரு சின்னக் கூடை நெத்தோலிப் பொடிமீனை வைத்தார்கள். பலகை நெய்மீனின் எடையையே காட்டிக்கொண்டிருந்தது. நெத்தோலிக்காரிக்குச் சந்தோஷம், வாங்க வந்தவருக்குக் கோபம். அடுத்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று ஊரில் முடிவு சொல்லிவிட்டார்கள். சின்னம்மா அலுவலகத்துக்கே போன் செய்தார். "ஏட்டி, ஒனக்க மெஷினு எனக்க மொகத்துல கரி பூசாண்டாம்" என்றார். அன்றைக்கு மட்டும் ஃப்ளோரா கேலி பேசவில்லை.

பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சோதித்தோம். யோக்கியமாக ஓடியது. காலையிலிருந்து மாலைவரை தட்டித் தட்டிப் பார்த்தோம், ஒரு தவறும் இல்லை. கடல் காற்றின் உப்பு என்றேன் நான், மின்சாரம் சரியில்லை என்றார் மேனேஜர். பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தால் மறுநாளே நின்றது. கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நிற்கும்போது ஃப்ளோரா கீபோர்டில் ஓடும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எல்லாரும் கைய எடுங்க. ஒருத்தரும் ஒண்ணையும் தொடப்பிடாது" என்றாள். ஜெபத்துக்கு நிற்பதுபோல் மேனேஜர் உட்படக் கைகட்டி நின்றோம். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த மரச்சீனிக் கிழங்கைத் தராசில் வைத்தாள். எடுத்துவிட்டு ஒரு சீப்பு மட்டிப் பழத்தை வைத்தாள். மறுபடி கிழங்கு, மறுபடி பழம். கொஞ்ச நேரத்தில் பழத்துக்குக் கிழங்கின் எடை நின்றது. தன் மெஷின் கெட்டதற்குக் கைதட்டிய ஒரே இன்ஜினியரை அன்று பார்த்தேன். நாங்களும் தட்டினோம், தேநீர் கொண்டுவந்தவர் எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். சோதிக்கும்போது அதே போர்ட்டில் கீபோர்டை மாட்டி ஏதாவது தட்டிக்கொண்டே இருப்பது எங்கள் வழக்கம். உள்ளே ஓர் எழுத்து வந்தால் டிரைவர் விழித்துக்கொள்ளும். விழித்த கையோடு சிப் சும்மா இருக்கிறதா என்று பார்த்து அடுத்ததை அனுப்பிவிடும். சிப்பின் மறதியை எங்கள் விரல்களே மூடி மறைத்திருந்தன. ஏலக்கூடத்தில் கீபோர்டு ஏது? ஃப்ளோரா டிரைவரை மாற்றினாள். இனி அது சிப் கூப்பிடும் என்று காத்துக் கிடக்காது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால் தானாகவே எட்டிப் பார்த்து, "சும்மாவா இருக்கே? இந்தா அடுத்தது" என்று கொடுத்துவிடும். ஊர் சொன்ன கெடுவுக்கு முன்பே பெட்டி ஏலக்கூடத்தில் ஏறியது. அதன்பின் நிற்கவில்லை. சின்னம்மா அலுவலகத்துக்கு ஒரு பெட்டி நிறைய மீன் அனுப்பினார், நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம், ஞாபகமிருக்கும்.

பிறகு நல்ல சிப்புகள் வந்தபோது, அந்த ஏற்பாட்டை எடுத்துவிடலாமே என்றார் மேனேஜர். அவள் விடவில்லை. "நல்லதுக்கு அது தொந்தரவு செய்யாது சார். மறதிக்காரன் ஒருத்தன் வருவான், அவனுக்கு வேணும்" என்றாள்.

அவளை அடக்கம் செய்த நாளில் அந்த ஊரில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் ஏலக்கூடத்துக்குப் போனேன். பலகையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. சின்னம்மாவை மட்டும் காணோம். யாரிடமும் பேசாமல், போனையும் தொடாமல் வீட்டிலேயே இருக்கிறார் என்றார்கள். வளர்த்த பிள்ளையைப் புதைத்தவரிடம் போய் நான் என்ன பேசுவது?

அதனால் ஃப்ளோரா செய்ததையே செய்கிறேன். சின்னம்மா கூப்பிடுவார் என்று காத்திருப்பதில்லை. சில நாளுக்கொருமுறை நானே அழைக்கிறேன், நெத்தோலி என்ன விலை என்று கேட்கிறேன். முதலில் போனை எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தும் பேசவில்லை. போன வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஏலே, ஒனக்கு வேற சோலி இல்லியா?"

"இல்ல, சின்னம்மா."

பிறகு சிறுவயது ஃப்ளோரா மீன்கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னை நிறுக்கச் சொன்ன கதையை அவர் சொல்லத் தொடங்கினார்.