சாத்துக்குடித் தோல் தண்ணீர்

நான் புனேயில், ஔந்தில் ஒரு வீட்டில் சமைக்கிறேன். தமிழ்க் குடும்பம், கோயம்புத்தூர்க்காரர்கள். வீட்டுக்காரர் ஊரின் மறுகோடியில் இருக்கிற கராடிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார். அவர் மனைவிக்கும் கம்ப்யூட்டர் வேலைதான், வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் தொடங்கியபோது அதற்கு ஏழு மாதம். தவழ ஆரம்பித்திருந்தது.

குழந்தைக்கு முட்டியிலும் உள்ளங்கையிலும் சிவந்து தடித்தது. தரை துடைக்கிற மருந்தால் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுப் பெண் பாட்டிலை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். தடிப்பு போகவில்லை. குழந்தை தரையில் கை வைத்துவிட்டு அதை வாயில் வைக்கும்போதெல்லாம் மீட்டிங்கை விட்டு எழுந்து ஓடி வருவாள்.

ஒருநாள் போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்க. பழத்தோல ஊற வெச்சு அந்தத் தண்ணியில தரை தொடைக்கறாங்க. நம்ம பண்ணிப் பாக்கலாமுங்களா?"

"பண்லாம்மா."

தோல் என் கையில்தான் இருந்தது. அந்த வீட்டில் தினமும் சாத்துக்குடி பிழிவேன். போதாததற்கு முக்கு ஜூஸ் கடையில் கேட்டேன். ஒரு பை நிறையக் கொடுத்தான். அவனுக்குக் குப்பை மிச்சம். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. பிளாஸ்டிக் கேனில் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் கூடாது, வெடிக்கும். தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். இப்படி மூன்று மாதம்.

காத்திருக்கிற வேலை எனக்கு ஒத்துவராது. கொதித்ததா, வெந்ததா, இறக்கினேனா என்று இருப்பவள் நான். இட்லி மாவுகூட ஒரு ராத்திரியில் பொங்கிவிடும். இது கேனுக்குள் சும்மா கிடந்தது. ஒருமுறை திறக்கச் சொன்னதை நான் நாலுமுறை திறந்தேன். திறந்தால் புஸ்ஸென்று சத்தம். முதலில் இனிப்பு வாசனை, அப்புறம் கள் வாசனை, அப்புறம் புளிப்பு. மேலே வெள்ளையாக ஆடை படிந்தது. கெட்டுப்போச்சு என்று கொட்டப் போனேன். வீட்டுப் பெண் ஓடிவந்து தடுத்தாள். அது அப்படித்தான் வருமாம். அதுவரை தரைக்கு வெறும் சுடுதண்ணீர்.

தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் ஒரு மராத்திக்காரி வருவாள். இங்கே வேலைக்கு வரும் பெண்களை மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் சின்னம்மா என்பது மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆற்றை ஒட்டிய எங்கள் குடியிருப்பில்தான் அவளும் இருக்கிறாள், நாலு சந்து தள்ளி. அவள் மராத்தியில் பேசுவாள், நான் அரைகுறை ஹிந்தியில் பதில் சொல்வேன். சண்டைக்கு அது போதும்.

பினாயிலை நிறுத்தியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாசனையே இல்லாம துடைச்சா, துடைச்சேன்னு எவ நம்புவா?" என்பாள்.

தோல் தண்ணீரை வடிகட்டி அவள் பக்கெட்டில் இரண்டு மூடி ஊற்றிய அன்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மத்ராஸி, ஊறுகாய் மிச்சமாயிடுச்சா? ரெண்டு மிளகாயும் போடேன்."

"நீ துடை. மிளகாய நான் குழம்புல போட்டுக்கறேன்."

"உங்க ஊர்ல தரையத் துடைப்பீங்களா, தாளிப்பீங்களா?"

ஆனால் துடைத்தாள். சுடுதண்ணீரில் பாதி ஆறியிருந்த குழந்தையின் முட்டி பத்து நாளில் முழுக்கச் சரியானது. வீட்டுப் பெண் அவள் அம்மாவிடமும் தங்கையிடமும் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. அடுப்பு, ஜன்னல் கம்பி, சிங்க் என்று எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தேன். கறுப்புக் கல் மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இழுப்பில் போனது. ஒரு பாட்டில் எங்கள் வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

படுக்கையறைகளில் டைல்ஸ். ஹாலில் மட்டும் வெள்ளை மார்பிள். வாடகை வீடு அது. வீட்டின் சொந்தக்காரி சாவி கொடுத்தபோதே மார்பிள் பத்திரம் என்றுதான் சொன்னாளாம். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் நான் துடைத்ததெல்லாம் சிமெண்டும் மொசைக்கும். புளிப்பு பட்டால் கல்லுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கல் என்றால் கல்தானே.

மாவ்ஷி சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று ஒருநாள் லீவு போட்டாள். அன்றைக்குப் பார்த்துக் குழந்தை எண்ணெய்ப் பாட்டிலைத் தட்டிவிட்டது. ஹால் நடுவில் ஓடியது. துணியால் துடைத்தேன், வழுக்கல் போகவில்லை. குழந்தை தவழ்கிற இடம். இரண்டு மூடியெல்லாம் எதற்கு என்று கேனிலிருந்து அப்படியே ஊற்றினேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டுச் சாம்பாருக்கு வறுக்கப் போனேன். வறுத்து, அரைத்து, கொதிக்கவிட்டு வந்து துடைத்தேன். எண்ணெய் சுத்தமாகப் போயிருந்தது.

மூன்று மணிக்கு மேல் பால்கனி வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். ஹால் முழுக்கப் பளபளப்பு. நான் ஊற்றிய இடமும் அது ஓடிய வழியும் மட்டும் மங்கல், கண்ணாடியில் வாயால் ஊதினாற்போல. ஈரத்துணி போட்டேன். ஈரம் இருக்கும்வரை தெரியவில்லை, காய்ந்ததும் வந்துவிட்டது. சோப்புப் போட்டேன். சோடா உப்புப் போட்டேன். விரலால் தடவினேன். பக்கத்துக் கல் வழவழ, இது சொரசொர. கறையாக இருந்தால் தேய்க்கலாம். இது கறை இல்லை, கல்லின் மேல்தோலே போயிருந்தது.

வீட்டுப் பெண் அறைக்குள் பேசிக்கொண்டிருந்தாள். தேங்காய் எண்ணெயைத் துணியில் ஒற்றி எடுத்து மங்கலில் தேய்த்தேன். வழுக்காத அளவுக்கு, லேசாக. பளபளப்பு வந்தது. அப்பாடா என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மாவ்ஷி வந்தாள். "என்ன இது பிசுபிசுங்குது?" என்று சோப்புத்தூள் போட்டு ஹாலை இரண்டு தடவை துடைத்தாள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். என் எண்ணெய் போகிறது என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன், அந்த வெயில் வருவதற்குள்.

அடுத்த நாள் காலை நான் போனபோது மாவ்ஷி ஹாலில் நின்றிருந்தாள். வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை ஹிந்தியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் நல்லாத்தான் இருந்தது. நேத்து நீங்க துடைச்ச அப்புறம்தான் இப்படி. பாத்ரூம் ஆசிட்ட ஊத்துனீங்களா இல்லையா?"

"என் பிள்ளை மேல சத்தியம், இல்ல."

"அப்படித்தான் பால்கனியில ஊத்துனப்பவும் இல்லன்னு சொன்னீங்க."

அது உண்மை. ஒருதடவை பால்கனி டைல்ஸில் ஆசிட் ஊற்றித் திட்டு வாங்கியிருக்கிறாள். அதனால் இப்போது அவள் பேச்சு எடுபடவில்லை. வீட்டுப் பெண் சாவியைக் கேட்டாள். மாவ்ஷி இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். கழுவிய பாத்திரத்தையே எடுத்துக் கழுவினேன். வீட்டுக்கு நேர்வழியில் போனால் மாவ்ஷியின் வாசல் வரும். குப்பைமேட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். உட்கார்ந்தால் எழுந்தேன். எழுந்தால் என்ன செய்ய எழுந்தேன் என்று தெரியவில்லை.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஹிஞ்சேவாடியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். அந்த டிராஃபிக்கில் ஓட்டி ஓட்டி எதற்கும் பதறமாட்டார்.

"கல்லு மங்கினா உனக்கின்னா? வாய மூடிக்கினு இரு."

"அவளுக்கு வேல போச்சே."

"அவளுக்கு இன்னும் நாலு வூடு இருக்கும்."

"இருக்குதான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு இந்த ஒரு வூடுதான், அது தெரியும்."

எழுந்து போய் அரிசி களைந்தேன். 

மூன்றாம் நாள் காலை வீட்டுப் பெண்ணிடம் சொல்லப் போனேன். காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து வெங்காயம் உரித்தேன். மறுபடி போனேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். இருக்க முடியவில்லை. வந்து பாலை அடுப்பில் வைத்து, இறக்கி, மூன்றாவது தடவை போனேன். காதிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க்கா, காஸ் தீந்து போச்சுங்களா?"

"இல்லமா. கல்லு மங்கினது நான் பண்ணது. மாவ்ஷி இல்ல. தோல் தண்ணிய அப்பிடியே ஊத்தினேன். அப்பறம் தெரியாம இருக்க எண்ணெ தேச்சேன்."

நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லைங்களே. நான்தானுங்க அதைப் பண்ணச் சொன்னது."

"பயமா இருந்துச்சிமா."

"அவங்கள நான் எப்படியெல்லாம் பேசினேன். நீங்க அங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

கம்ப்யூட்டரை மூடினாள். எழுந்து ஹாலுக்குப் போய் அந்த மங்கலைக் காலால் தடவிப் பார்த்தாள். மாவ்ஷி போனை எடுக்கமாட்டேன் என்கிறாள், நேற்றுச் சம்பளப் பாக்கியைக் கொடுக்கக் கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றாள்.

"நீங்க போய்ச் சொல்லுங்க. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. வரச் சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல, நீங்களும் வாங்க. ஆனா எனக்கு இன்னைக்கு உங்ககூடப் பேச முடியாதுங்க."

அன்று சமையல் முடித்து நேர்வழியில் நடந்தேன். மாவ்ஷி வாசலில் உட்கார்ந்து பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. சோள மாவை உருட்டினாள், தட்டினாள், கல்லில் போட்டாள், தண்ணீர் தடவினாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"முதல்லேருந்து."

"வேலை கிடக்கட்டும். ஆசிட் ஊத்தி வீட்டைக் கெடுத்தவன்னு இந்தச் சந்து பூரா பேசுது. அந்த பில்டிங் வாட்ச்மேன் பொண்டாட்டி குழாயடியில சொல்லிட்டா. எனக்கு இனிமே எவ வீட்டு வேலை குடுப்பா? அதை நீ போய் அழிப்பியா?"

"அழிக்கறேன்."

"உன் ஹிந்தியில?" என்று சிரித்தாள். சிரிப்பில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மாவ்ஷி வாசலுக்கு எதிரே இருக்கிற பொதுக்குழாயில் தண்ணீர் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். வாட்ச்மேன் பெண்சாதியும் இருந்தாள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். மாவ்ஷி ஆசிட் ஊத்தல, நான்தான் ஊத்தினேன், தப்பு என்னுது. தெரிந்த மராத்தியையும் ஹிந்தியையும் கலந்து இரண்டு தடவை சொன்னேன்.

"நீ என்ன ஊத்தின?" என்றாள் ஒருத்தி.

"சாத்துக்குடித் தோல் தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள்.

"பழத்தோல் கல்லைத் தின்னுடுச்சாம்!"

"மாவ்ஷி அழுதிருப்பா, மத்ராஸி பாவம் பாத்துப் பொய் சொல்ல வந்திருக்கா."

நான் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. பொய்யாக இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள் போல. அங்கே நின்று என்ன பேசுவது? வீட்டுக்கு ஓடினேன். அடுப்பு துடைக்கக் கொண்டுவந்திருந்த பாட்டிலை எடுத்து வந்தேன். மாவ்ஷி வாசலில் துணி துவைக்க ஒரு மார்பிள் துண்டு கிடந்தது, கட்டட வேலை நடந்த இடத்தில் யாரோ தூக்கிப் போட்டது. அதன் ஓரம் இன்னும் பளபளப்பாக இருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி அதில் ஊற்றினேன்.

ஊற்றியதும் பொடிப்பொடியாக நுரைத்தது. இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வைத்துவிட்டு வந்தார்கள். நான் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். போதுமா, போதாதா என்று குனிந்து பார்த்தேன். "உக்காரு மத்ராஸி, தலை சுத்துது" என்றாள் ஒருத்தி. உட்காரவில்லை. வாட்ச்மேன் பெண்சாதி மட்டும் போகாமல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

அரைமணி போல ஆனதும் முந்தானையால் துடைத்துக் காயவிட்டேன். பளபளப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து மங்கியிருந்தது. வாட்ச்மேன் பெண்சாதி விரலால் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

"போகலையே" என்றாள்.

"போகாது" என்றேன்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் அடுத்த சந்துக்காரியிடம் கை நீட்டிக் கல்லைக் காட்டிப் பேசுவது தெரிந்தது.

மாவ்ஷி எழுந்து வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"என் கல்லையும் கெடுத்துட்டியா?"

"ஆமா."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னா?"

"எப்பவும் போல."

"அவளே வந்து சாவி குடுக்கணும். மேசையில வெச்சுட்டு எடுத்துக்கோன்னு சொல்லக் கூடாது. சொல்லு."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நேர்வழியில் நடந்தேன்.